முன் சக்கரம் ஒரு பக்கம் இழுப்பதேன்?

கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் 1976-இல் வாங்கிய அம்பாஸடர் வண்டி இப்பொழுது அவர் பொறுப்பில் உள்ளது. நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கைச் சிறிது தளர்த்திப் பிடித்தால் வண்டி இடப்புறம் ஒதுங்குகிறது. எட்டு மாதங்களில் மூன்று முறை, கணிப்பொறி வைத்திருக்கும் கடைகளில் ‘வீல் அலைன்மென்ட்’ செய்தாயிற்று. ஒவ்வொரு முறையும் எண்கள் அச்சிட்ட தாள் ஒன்று கைக்கு வந்தது; ஒதுங்கல் மட்டும் போகவில்லை. புதிதாகப் போட்ட முன் டயர்கள் இரண்டும் ஆறாயிரம் கிலோமீட்டருக்குள் ஓரம் தேய்ந்துவிட்டன. ‘இரும்பு விலைக்காவது தள்ளிவிடலாம்’ என்று வீட்டார் சொல்லுகின்றனர். முதிய தாயாரோ கோயிலுக்கும் மருத்துவரிடமும் அந்த வண்டியில்தான் போவேன் என்கிறாராம். ‘அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்ட அச்சமாயிருக்கிறது, விற்கவும் மனம் வரவில்லை’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இதே முறையீடு வேறு இரண்டு கடிதங்களிலும் உண்டு. மாட்டுங்காவிலிருந்து வந்தது ஒரு பத்மினியைப் பற்றியது. தில்லி கரோல்பாகிலிருந்து வந்தது ஒரு ஹெரால்டைப் பற்றியது. ஆகவே, சென்ற திங்கள் சொல்லியிருந்த பாட்டரிப் பராமரிப்பின் இரண்டாம் பகுதியை ஒத்திவைத்து, இம்முறை முன் சக்கரங்களை எடுத்துக்கொள்வோம்.

மூன்று கடிதங்களையும் சேர்த்துப் படித்தபோது ஒன்று விளங்கிற்று. மூவரும் வண்டியை நேரே அலைன்மென்ட் கடைக்குத்தான் கொண்டு சென்றிருக்கின்றனர். அலைன்மென்ட் என்பது மருந்தன்று; சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதை அளந்து, திருத்தக்கூடியதைத் திருத்தும் கடைசி வேலை அது. பிருடை தளர்ந்த வீணைக்கு எத்துணை நுட்பமாகச் சுருதி சேர்த்தாலும், இரண்டு மீட்டு மீட்டுவதற்குள் அது இறங்கிவிடும் அல்லவா? மூட்டுகள் தேய்ந்த முன் அச்சுக்கு அலைன்மென்ட் செய்வதும் அவ்வாறே. கடையின் சமதளத்தில் அளவு சரியாயிருக்கும். தெருமுனையில் முதற் பள்ளத்தில் இறங்கியதும் அளவு வேறாகிவிடும். அச்சிட்ட தாள் பொய் சொல்லவில்லை. அது உண்மையாயிருந்த நேரம் மிகக் குறுகியது, அவ்வளவே.

மேற்கொண்டு செல்லுமுன் கோணங்கள் மூன்றையும் தெரிந்துகொள்ளுதல் நலம். முதலாவது ‘டோ’, ஆங்கிலத்தில் கால் விரலைக் குறிக்கும் சொல். நிற்கும்போது நம் பாதங்களின் பெருவிரல்கள் உள்நோக்கி நெருங்கியிருப்பதுபோல, மேலிருந்து பார்க்குங்கால் முன் சக்கரங்களின் முன் ஓரங்கள் பின் ஓரங்களைவிட நெருங்கியிருந்தால் அது டோ-இன், அகன்றிருந்தால் டோ-அவுட். பின் சக்கரங்கள் உந்தி ஓடும் பழைய வண்டிகளுக்குச் சிறிது டோ-இன் வேண்டும். ஓடும்போது சாலையின் தடை முன் சக்கரங்களைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மூட்டுகளிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் ஒரு பக்கம் சேர்ந்து, சக்கரங்கள் சற்றே விரிகின்றன. நிற்கையில் சிறிது உள்நோக்கி வைத்திருந்தால் ஓடுகையில் நேராகிவிடும்.

இதற்கான அளவு பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. இவ்வளவு சிறிய அளவுக்கா இத்தனை பேச்சு என்று எண்ண வேண்டாம். 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மின் ஓரத்தில் அளக்கையில், வேண்டிய அளவைவிட மொத்தம் 6 மில்லிமீட்டர் பிசகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 3 மில்லிமீட்டர். 400-க்கு 3 என்றால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அந்தச் சக்கரம் ஏழரை மீட்டர் பக்கவாட்டில் போக முயல்கிறது. வண்டி அதை விடாமல் நேரே இழுத்துச் செல்கிறது. ரப்பர் நெளிந்து கொடுப்பதால் இது முழுதும் உராய்வாக மாறுவதில்லை. எனினும் டயர் அரத்தால் தேய்த்ததுபோல் ஆவது ஏன் என்பது இக்கணக்கிலேயே தெரிகிறது.

இரண்டாவது கேம்பர். முன்னே நின்று பார்க்குங்கால் சக்கரத்தின் தலை வெளிப்புறம் சாய்ந்திருப்பது நேர்க் கேம்பர். உட்புறம் சாய்ந்திருப்பது எதிர்க் கேம்பர். சாய்ந்த சக்கரம் சாய்ந்த பக்கமே உருள விரும்பும். மேசைமேல் ஒரு நாணயத்தைச் சாய்த்து உருட்டினால் அது வளைந்தோடுவதைக் காணலாம். ஆகவே இரு சக்கரங்களில் எதில் நேர்க் கேம்பர் மிகுதியோ அப்பக்கமே வண்டி இழுக்கும். மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் கவை செங்குத்தாக நில்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது; அச்சாய்வும் சேர்ந்துதான் சக்கரம் தானே நேருக்குத் திரும்பி வருகிறது. மோட்டார் வண்டியிலும் சக்கரம் எந்தத் தண்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தத் தண்டு, அதாவது கிங் பின், மேற்புறம் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேராவது இதனால்தான். இரு பக்கங்களிலும் இச்சாய்வு வேறுபட்டால், குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும்.

இங்கே கொல்கத்தா நேயரின் புதிர் ஒன்று அவிழ்கிறது. முன் சக்கரங்களின் டோ பிசகினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், வண்டி நிலைகொள்ளாமல் அலையும். ஆனால் தொடர்ந்து ஒரே பக்கம் இழுக்காது. இரு சக்கரங்களும் டை ராடுகளால் இணைந்திருப்பதால், ஓடும்போது பிழையைத் தம்முள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரும்பாலான கடைகளில் பழைய வண்டிக்குச் செய்யப்படுவது டோ திருத்தம் ஒன்றே. இழுப்புக்குக் காரணமல்லாத ஒன்றை மூன்று முறை திருத்தி, மூன்று முறையும் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

கடைக்காரரை முழுதும் பழிப்பதும் நியாயமன்று. அவருடைய கருவியில் இன்றைய வண்டிகளின் அளவுகள் நிரம்பியிருக்கும். பழையதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால், உருவத்தில் ஒத்த வேறொன்றைத் தெரிந்தெடுத்துவிடுவார். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதற்கொண்டு நம் நாட்டுச் சிறு வண்டிகளில் மிகப் பல முன் சக்கரங்களால் இழுத்து ஓடுபவை. அவற்றின் முன் சக்கரங்கள் உந்து விசையால் உள்நோக்கி வர முயல்வன. ஆதலின் அவற்றுக்கு டோ ஏறத்தாழச் சூனியமாகவோ, சிறிது வெளிநோக்கியோ வைப்பதுண்டு. அந்த எண்ணை அம்பாஸடருக்கு வைத்தால் அது ஓடும்போது டோ-அவுட் ஆகி, டயரின் உள் ஓரத்தைத் தின்றுவிடும். வண்டியின் கைந்நூலில் உள்ள அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, ‘இந்த எண்ணுக்கு வையுங்கள்’ என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

டயரும் மாறியிருக்கிறது. அம்பாஸடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்பவை அக்காலத்துக் குறுக்கிழை டயர்களின் அளவுகள். கைந்நூலின் கோணங்கள் அவற்றுக்காக வகுக்கப்பட்டவை. இன்று பலரும் போடுவது ரேடியல். அது உருளும் தடை குறைவு. எனவே டோ-இன்னும் கைந்நூல் சொல்லும் எல்லைக்குள் குறைந்த பக்கமாயிருப்பது பொருந்தும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: முன்னே ரேடியலும் பின்னே குறுக்கிழையுமாகக் கலந்து போடுவது ஆபத்து. வளைவில் முன் பக்கம் பிடித்துக்கொள்ள, பின் பக்கம் வழுக்கிச் சுழலும். நான்கையும் ஒரே வகையாகப் போடுவதே முறை.

இனி வண்டிகளைத் தனித்தனியே பார்ப்போம். அம்பாஸடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்தது. ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவில் 1957 முதல் 2014 மே வரை உருவானது. இதன் முன் பக்கத்தில் சுருள் வில் இல்லை. வண்டியின் நீளவாக்கில் அடியிலே ஓடும் எஃகுத் தண்டுகள் இரண்டு, முறுக்கேறி முறுக்கவிழ்ந்து வில்லின் வேலையைச் செய்கின்றன. இவற்றை டார்ஷன் பார் என்பர். பல ஆண்டுகள் சுமை தாங்கிய தண்டு சிறிது தளர்ந்து இறங்கும். ஓட்டுநர் தனியே ஓட்டிய வண்டிகளில் அவர் அமரும் வலப் பக்கமே மிகுதியாக இறங்கியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு பக்கம் தாழ்ந்தால் அப்பக்கத்துக் கேம்பரும் மாறிவிடும். ஆகவே இவ்வண்டியில் கோணத்தைத் தொடுமுன், சமதளத்தில் நிறுத்தி இரு பக்க உயரத்தையும் அளந்து சமப்படுத்த வேண்டும். தண்டைக் கழற்றினால் இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் மாட்டிவிடலாகாது. ஒரு திசையில் முறுகிப் பழகிய எஃகை எதிர்த்திசையில் முறுக்கினால் ஒடியக்கூடும்.

அம்பாஸடரின் ஸ்டியரிங் ராக்-பினியன் வகை. டோ திருத்துகையில் இடப்புறத்து டை ராடையும் வலப்புறத்து டை ராடையும் சம அளவு திருப்ப வேண்டும். கைக்கு எட்டும் ஒன்றை மட்டும் திருப்பி அளவு காட்டிவிடுவது சில கடைகளின் வழக்கம். அப்படிச் செய்தால் எண் சரியாக வரும். ஆனால் ராக் நடுவிலிருந்து விலகி, ஸ்டியரிங் கோணலாக நின்று, இடமும் வலமும் திரும்பும் அளவு வேறுபடும். கோணலை மறைக்க ஸ்டியரிங் சக்கரத்தையே கழற்றி நேராக மாட்டித் தருவோரும் உண்டு. அது கண் நோய்க்குக் கண்ணாடியைத் துடைத்துத் தருவது போன்றது.

பத்மினியின் மூலம் இத்தாலிய ஃபியட் 1100. மும்பைக் குர்லாவில் 1964 முதல் உருவாகி, 1974-இல் பத்மினி என்ற பெயர் பெற்றது. இதில் முன் பக்கம் சுருள் வில். ஸ்டியரிங் பெட்டி வகை. பெட்டியில் ஆட்டம் மிகும்போது அதன்மேலுள்ள திருகை இறுக்கிவிடுவது எளிய வழி. மிகை இறுக்கத்தால் நடு இடத்தில் பிடித்துக்கொண்டு, வளைவுக்குப் பின் ஸ்டியரிங் தானே நேராக வராது. ஓட்டுபவர் காஸ்டர் கெட்டுவிட்டது என்று எண்ணி அலைன்மென்ட் கடைக்கு ஓடுவார். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விரலால் சுற்றிப் பாருங்கள். நடுவே இறுகினால் குற்றம் சக்கரத்தில் இல்லை.

ஹெரால்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கே டயர்ச் செலவு மட்டுமன்று, உயிரும் சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தால் 1961 முதல் செய்யப்பட்டது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே உருவானது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. நெருக்கமான சந்துகளில் வாழ்ந்தவர்கள் இதன் அருமையை அறிவர். அவ்வளவு கூர்மையாகத் திரும்பும் முன் சக்கரத்தின் அடி மூட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடி நுனியில் மரை வெட்டப்பட்டு, அது வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் திருகப்பட்டிருக்கும். டிரன்னியன் என்பது அக்கட்டையின் பெயர். ஸ்டியரிங் திரும்புந்தோறும் மரைக்குள் மரை திரும்புகிறது.

இந்த மரைகளுக்கு இட வேண்டியது கிரீஸ் அன்று. கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் 90 எண் தடித்த எண்ணெய். கிரீஸ் அடித்தால் அது ஓரத்தில் தங்கி இறுகிவிடும். மரையின் ஆழத்துக்கு இறங்காது. மழை நீர் உள்ளே தேங்கும். எஃகு துருப்பிடித்து அரிக்கப்படும். ஒரு நாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பும்போது, தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். நிறுத்துமிடத்தில் நிகழ்ந்தால் பேறு. நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் என்னாகும் என்று எழுத வேண்டியதில்லை. இத்தகைய தண்டோடு கடைக்குச் சென்றாலும் கணிப்பொறி, கோணங்கள் யாவும் செவ்வை என்று அச்சிட்டுத் தரும். அது கோணத்தை அளக்குமேயன்றித் துருவை அறியாது. கரோல்பாக் அன்பர் வேறெதையும் செய்யுமுன் இரு பக்கத் தண்டுகளையும் கழற்றி மரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அரிப்புக் கண்டால் தண்டும் கட்டையும் சேர்ந்தே மாற வேண்டும். இட வலங்களின் மரைகள் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது.

இனி, வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள். முதலில் நான்கு டயரின் காற்றும் சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு முன் டயரில் காற்று குறைந்தாலே அப்பக்கம் இழுக்கும். அடுத்து, உள்ளங்கையால் டயரின் முகத்தைக் குறுக்கே தடவிப் பாருங்கள். உட்புறமிருந்து வெளிப்புறம் தடவுகையில் கூர்மையாக உறுத்தினால் டோ-இன் மிகுதி. வெளிப்புறமிருந்து உட்புறம் தடவுகையில் உறுத்தினால் டோ-அவுட். உறுத்தலின்றி ஓர் ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பரை ஐயுறலாம். இரு ஓரமும் ஒருசேரத் தேய்ந்தது காற்றுக் குறைவால்; நடு தேய்ந்தது காற்று மிகுதியால்; ஆங்காங்கே குழி விழுந்தது தளர்ந்த ஷாக் அப்சார்பரால் அல்லது சமனில்லாத சக்கரத்தால்.

பின்னர் இரு முன் சக்கரங்களையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் குற்றம் டயரினுடையது. கோணத்தைத் தொட வேண்டாம். இழுப்பு மாறவில்லையாயின், நாலைந்து கிலோமீட்டர் பிரேக்கை மிகுதியாக உபயோகியாமல் ஓட்டி நிறுத்தி, இரு முன் ஹப்புகளின் அருகிலும் எச்சரிக்கையோடு கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒன்று மிகுதியாகச் சுட்டால் அங்கே டிரம்முக்குள் பிரேக் பிடித்துக்கொண்டேயிருக்கிறது. அலைன்மென்ட் என்று எண்ணி அலையும் இழுப்புகளில் பிரேக்கால் வருவன சில உண்டு.

அடுத்ததே மிக முக்கியமான சோதனை. முன் பக்கத்தைத் தூக்கி, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்துங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடுவதும் கூடா. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டிலுள்ள ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் தேய்ந்தது அல்லது தளர்ந்தது ஹப் பேரிங். பிரேக் அழுத்திய பின்னும் ஆட்டம் இருந்தால் கிங் பின்னோ அதன் மூட்டுகளோ தேய்ந்துவிட்டன. சக்கரத்தின் இடத்தையும் வலத்தையும் பிடித்து அசைத்து ஆட்டம் கண்டால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். கைகளின் ரப்பர் புஷ்கள் நைந்திருந்தால் அவற்றை இரும்புச் சட்டத்தால் நெம்பும்போதே தெரிந்துவிடும்.

பின் பக்கத்தையும் மறக்க வேண்டாம். அம்பாஸடரிலும் பத்மினியிலும் பின் அச்சு பட்டை வில்களின்மேல் அமர்ந்திருக்கிறது. வில்லின் நடு ஆணி ஒடிந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நாய் ஓடுவதுபோலச் சற்றே குறுக்காக ஓடும். முன் சக்கரங்களில் எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. இரு பக்கமும் முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை நாடாவால் அளந்தால் வெளிப்பட்டுவிடும்.

சாலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மழை நீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்துள்ளன. நாம் இடப்புறம் செல்வோர். ஆகவே குற்றமற்ற வண்டியும் கையை விட்டால் மெல்ல இடப்புறம் ஒதுங்கும். ஆளில்லாத அகன்ற சாலையில் நடு மேட்டின்மேல் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, அங்கும் இழுக்கிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு குறை சொல்ல வேண்டும்.

மூட்டுகள் உறுதி, உயரம் சமம், பிரேக் விடுபட்டது என்று தெளிந்த பின்னரே கோண வேலை. டோவைத் தாமே அளக்க விரும்புவோருக்கு ஒரு தூக்குக் குண்டும் சுண்ணக்கட்டியும் போதும். சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, சிறிது முன்னே உருட்டி விடுங்கள். இரு முன் டயர்களின் நடுக்கோட்டிலும் ஹப் உயரத்தில், முன் பக்கம் ஒரு புள்ளி இடுங்கள். அப்புள்ளிகளிலிருந்து தூக்குக் குண்டை இறக்கித் தரையில் குறித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளவுங்கள். பிறகு சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும்படி வண்டியை முன்னே உருட்டினால், அதே புள்ளிகள் பின் பக்கம் வந்து நிற்கும், மீண்டும் அளவுங்கள். முன் அளவு குறைந்திருந்தால், வேறுபாடே டோ-இன். ஒரே புள்ளிகளை இரு முறையும் பயன்படுத்துவதால் ரிம்மின் கோணல் கணக்கைக் கெடுக்காது. கேம்பரை, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நேரே தூக்கு நூலைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். விளிம்புகளுக்கிடையே 400 மில்லிமீட்டர் இருக்குமாயின், நூலிலிருந்து மேலும் கீழும் உள்ள இடைவெளிகளின் வேறுபாடு 7 மில்லிமீட்டருக்கு ஒரு பாகை.

கேம்பர் திரும்பவில்லை என்று, இரும்புக் கையைச் சூடாக்கியோ நெம்பியோ வளைத்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை உடனே ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். சூடு கண்ட எஃகு தன் வலிமையை இழக்கும். எப்பொழுது விடும் என்று யாரும் சொல்ல இயலாது. ஹெரால்டில் கீழ்க் கையின் பிடிப்புக்குள் தகடுகளைக் கூட்டிக் குறைத்தே கேம்பரையும் காஸ்டரையும் திருத்தலாம். ஏனையவற்றில் கோணம் பெரிதும் பிசகியிருந்தால், ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மோதி வளைந்திருக்கிறது. அதைக் கண்டு மாற்றுவதே வழி.

உதிரிகளுக்குக் கொல்கத்தாவில் மல்லிக் பஜார், தில்லியில் காஷ்மீரி கேட், மும்பையில் குர்லாவும் ஆபரா ஹவுஸும், சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் தேட வேண்டிய இடங்கள். புதியது என்று தரப்படும் கிங் பின்னை அதன் புஷ்ஷில் பொருத்திப் பார்த்தே வாங்குக. தளர்ச்சியோடு நுழையும் புதிய பின்னைவிட, இறுக்கமான பழையது மேல். உதிரியைவிட அரிதாகி வருவது கை தேர்ந்த மெக்கானிக். மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30-ஆம் நாள் தெருவை விட்டது. அந்த டாக்சிகளை நம்பிப் பிழைத்த தொழிலாளர் பலர் வேறு வண்டிகளுக்கு மாறிவிட்டனர். பழைய வண்டி ஊர்வலங்களில் வண்டியைக் கொண்டுவருவோரிடம் கேட்டால் ஆள் தெரியும்; தில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் ஊர்வலம் 1964-இலேயே தொடங்கியது. ஆள் கிடைத்தால், வேலை செய்யும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள்.

முதற்பதிவு கண்டு 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய 2021-இல் மைய அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிவு பெற, சட்டமும் உடற்கூடும் எஞ்சினும் பெருமளவு மாற்றப்படாதிருக்க வேண்டும். பதிவான பின் அன்றாட ஓட்டத்துக்கு அவ்வண்டியைப் பயன்படுத்த இயலாது. தாயாரை நாள்தோறும் அழைத்துச் செல்லும் எண்ணமுடைய கொல்கத்தா அன்பர் இதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். அவருடைய வண்டி 50 ஆண்டு எல்லையில் நிற்கிறது. மேற்கு வங்கத்துப் பதிவு அலுவலகத்தில், உள்ள பதிவையே புதுப்பித்துக்கொள்ளும் வழியைக் கேட்டறிந்து, அதற்குரிய தகுதிச் சோதனைக்குச் செல்லுமுன் மூட்டு வேலையை முடித்துக்கொள்வாராக. டோ திருத்தம் அதன் பிறகு, ஒரே ஒரு முறை செய்தாற் போதும்.